லேத் பட்டறைத் தொழிலாளி, பெயர் தெரியவில்லை

போன வருடம் மழைக்காலம் ஆரம்பிப்பதற்குச் சற்று முன்பு, தாம்பரத்தை ஒட்டிய ஒரு சிறிய கலை அருங்காட்சியகத்தில் இது தொடங்கியது. ஓர் அறக்கட்டளை நடத்தும் இடம். மாடியில் இரண்டு கூடங்கள், கீழே ஓர் அலுவலகம். அங்கே தள்ளாடிச் சுற்றும் மின்விசிறிக்கு அடியில் எனக்கு ஒரு மேஜை.

நான் முப்பத்தைந்து வருடம் அரசாங்க அலுவலகத்தில் கோப்புகளோடு வாழ்ந்தவன். எந்த விண்ணப்பம் எந்த மேஜைக்குப் போகும், அங்கே எத்தனை நாள் தூங்கும், அதை எழுப்ப என்ன குறிப்பு எழுத வேண்டும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. ஓய்வு பெற்ற பிறகு பொழிச்சலூர் வீட்டில் உட்கார்ந்து, தலைக்கு மேலே போகும் விமானங்களை எண்ணிக்கொண்டிருந்தேன். அதற்கும் ஒரு பதிவேடு போட்டுவிடுவேனோ என்று பயந்த என் மனைவி, அருங்காட்சியகத்தில் ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் என்னை அனுப்பிவைத்தார். சம்பளம் கிடையாது. காபி உண்டு.

அங்கே இதுவரை நடந்த கண்காட்சிகளையெல்லாம் பட்டியலிடுவதுதான் வேலை. பழைய அழைப்பிதழ்கள், படங்களுக்குக் கீழே ஒட்டியிருந்த விவரச் சீட்டுகள், புகைப்படங்கள் எல்லாம் அட்டைப்பெட்டிகளில் கரப்பான்பூச்சிகளின் பராமரிப்பில் இருந்தன. ஒன்பது மாதத்தில் எல்லாவற்றையும் பதிவேட்டில் ஏற்றினேன். இணையதளத்திலும் ஏற்றச் செய்தேன். கூடவே, யாரும் கேட்காமலே, விதிமுறைகளும் எழுதிக் கொடுத்தேன். முடிந்துபோன கண்காட்சியின் விவரங்கள் அன்று இருந்தபடியே இருக்க வேண்டும், திருத்துவதானால் எழுத்துபூர்வமான ஆதாரமும் அறக்கட்டளைக் குழுவின் ஒப்புதலும் வேண்டும் என்பது அதில் ஒன்று. குழு அதைப் படிக்காமலே பாராட்டி ஏற்றுக்கொண்டது.

அந்த வேலையெல்லாம் முடிந்த பிறகு, மழைக்காலத்துக்குச் சற்று முன்பு, ஒரு மத்தியானம் ஓர் அம்மா வந்து மேஜைக்கு முன்னால் நின்றார். நாற்பத்தைந்து வயது இருக்கும். கம்பெனிச் சீருடைக் கோட்டை மடித்துக் கையில் வைத்திருந்தார்.

"பழைய படம்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்துனது நீங்களா சார்?"

நான்தான் என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

"அதுல எங்க வூட்டுக்காரர் கீறாரு சார். ஆனா பேரு தெரியலன்னு போட்டு கீது."

எந்தப் படம் என்று உடனே தெரிந்துவிட்டது. பல வருடங்களுக்கு முன்னால் ஓர் ஓவியர் திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் பட்டறை பட்டறையாக உட்கார்ந்து, வேலை செய்பவர்களைக் கரித்துண்டால் வரைந்திருந்தார். அதைக் கண்காட்சியாக வைத்தார்கள். எல்லாப் படத்துக்கும் கீழே பெயர் இருந்தது, ஒன்றைத் தவிர. 'லேத் பட்டறைத் தொழிலாளி, பெயர் தெரியவில்லை.' குனிந்த தலை, நிழலில் பாதி முகம். வெளிச்சம் முழுவதும் இடது கையில். அதில் ஆள்காட்டி விரல் பாதிதான் இருக்கும்.

கண்காட்சி நடந்தபோது அந்த அம்மாவின் கணவர் குடும்பத்தோடு பார்க்க வந்தாராம். சீட்டை எழுத்துக்கூட்டிப் படித்த மகள், "அப்பா, உனக்குப் பேரே இல்லையா?" என்று கேட்டாளாம். அவர் சிரித்துக்கொண்டே வெளியே போய்விட்டாராம். அதோடு மறந்த விஷயம். இப்போது இரண்டு கிட்னியும் பழுதாகி அவர் படுக்கையில் கிடக்கிறார். மகள் வளர்ந்து கேளம்பாக்கம் பக்கம் வேலைக்குப் போகிறாள். அப்பாவுக்கு ஒரு சந்தோஷமாக இருக்கட்டுமே என்று போனில் தேடி அந்தப் படத்தைக் காட்டியிருக்கிறாள். படம் இருந்தது. 'பெயர் தெரியவில்லை' என்பதும் இருந்தது. நான் ஒரு எழுத்துகூட மாறாமல் ஏற்றியிருந்தேன்.

"டாக்டர் கொஞ்ச நாள்தான்னு சொல்லிட்டாரு சார். பேரை மட்டும் போட்டுடுங்க. அவரு ஒரு தபா பாத்துட்டா போதும்."

நான் மறுக்கவில்லை. மறுப்பது என் வழக்கமே இல்லை. விண்ணப்பம் எழுதி, அடையாள ஆதாரத்தோடு கொண்டுவரச் சொன்னேன். ஓவியர் உயிரோடு இல்லாததால் அவர் குடும்பத்துக்கு நானே கடிதம் எழுதினேன். மிகவும் உதவியாக நடந்துகொண்டதாகத்தான் அன்று நினைத்தேன்.

அடுத்த வாரம் அந்த அம்மா அரை நாள் லீவு போட்டு, இரண்டு பஸ் மாறி வந்தார். விண்ணப்பம் சரியாக இருந்தது. கணவரின் பழைய கம்பெனி அடையாள அட்டையும் இருந்தது. நான் அட்டையையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"இவர் பெயர் இது என்பதற்கு இது ஆதாரம். படத்தில் இருப்பவர் இவர்தான் என்பதற்கு?"

"இன்னா சார் இது! அந்தக் கை தெரியல? அந்தக் கையிலதான் சார் எனக்கு இருபத்திரெண்டு வருஷமா சோறு."

"கையின் புகைப்படம் இருக்கிறதா? இல்லையென்றால் அவர் நேரில் வந்தால்கூடப் போதும்."

"எழுந்து உக்காரவே ஆள் வேணும் சார் அவருக்கு."

அடுத்த மாதம் குழு கூடும், பேசிப் பார்க்கிறேன் என்று அனுப்பிவைத்தேன். அவர் வாசற்படி இறங்கியதும், வரவேற்பு மேஜையில் இருக்கும் பெண் என்னைப் பார்த்தாள்.

"சார், அவங்க இருக்கிற திருமுடிவாக்கம் என்ன டெல்லியா? உங்க வீட்லேர்ந்து ஆட்டோல அரை மணி நேரம். நீங்களே போய் கையைப் பாத்துட்டு வந்துடலாமே."

"நேரில் போய்ச் சரிபார்க்க விதியில் இடமில்லையம்மா."

"விதியை எழுதினதே நீங்கதானே சார்!"

அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு சிரித்தேன்.

மூன்றாவது முறை அவர் வந்தபோது கையைப் போனில் படம் எடுத்துவந்திருந்தார். போர்வைக்கு மேலே வீங்கிப்போன ஒரு கை, பாதி விரல். நான் அதை அச்செடுத்துக் கோப்பில் சேர்த்தேன். ஓவியர் குடும்பத்திலிருந்து பதில் வந்தால்தான் குழுவின் முன் வைக்க முடியும் என்றேன். அவர் மழையில் நனைந்த கோட்டை உதறி மடித்துக்கொண்டு போய்விட்டார்.

அதற்குள் நவம்பர் வந்தது. எனக்கு வைரல் காய்ச்சல், பத்து நாள் படுக்கை. நவம்பரில் பென்ஷன்காரர்கள் உயிரோடு இருப்பதற்குச் சான்று கொடுக்க வேண்டும். முப்பத்தைந்து வருடம் சர்க்காருக்கு உழைத்தவனிடம் 'நீ இருக்கிறாயா?' என்று வருடாவருடம் கேட்கிறார்களே என்று நான் புலம்பாத வருடம் இல்லை. என் மனைவி போன் செய்ததும், தபாலாபீஸிலிருந்து ஒரு பெண் ஊழியர் கருவியோடு வீட்டுக்கே வந்தார். தெருவில் முழங்கால் தண்ணீர். வண்டியை முனையிலேயே விட்டுவிட்டு நடந்து வந்திருந்தார்.

என் விரல் ரேகை பதியவில்லை. ஒவ்வொரு விரலாகத் துடைத்துத் துடைத்து வைத்துப் பார்த்தார்.

"ரேகையே தேஞ்சிபோச்சே சார். அவ்ளோ கையெழுத்து போட்டீங்களா?"

கடைசியில் போனை என் முகத்துக்கு நேராகப் பிடித்தார். "கண்ணைச் சிமிட்டுங்க சார். சிமிட்டினாதான் உயிரோட இருக்கீங்கன்னு அது ஒத்துக்கும்."

சிமிட்டினேன். ஒத்துக்கொண்டது.

"சிரமம் கொடுத்துட்டேன்மா, நானே வந்திருக்கணும்" என்றேன்.

"வர முடியாதவங்க வூட்டுக்கு நாங்கதானே சார் வரணும்" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினார்.

அன்று மாலையே வரவேற்புப் பெண்ணுக்குப் போன் செய்து, விண்ணப்பத்தில் இருந்த முகவரியைக் கேட்டு எழுதிக்கொண்டேன். மறுநாள் காலை, மனைவி தடுத்தும் கேட்காமல், அதை எடுத்துக்கொண்டு ஆட்டோவில் கிளம்பினேன். அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

வீட்டைத் தேட வேண்டியிருக்கவில்லை. தெருமுனையிலேயே 'கண்ணீர் அஞ்சலி' பேனர் கட்டியிருந்தார்கள். அவர் பெயர் ஓரடி உயர எழுத்தில், இனிஷியலோடு, பட்டறையில் கூப்பிடும் செல்லப்பெயரோடு இருந்தது. அந்தத் தெருவில் இனி யாரும் அவர் பெயர் தெரியாது என்று சொல்ல முடியாது. இறந்து நான்கு நாள் ஆகியிருந்தது.

அந்த அம்மா என்னைப் பார்த்ததும் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அப்படித் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"ஒடம்பு சரியில்லையா சார்? இப்டி எளச்சிட்டீங்க."

அந்தக் கையைப் பார்க்க வந்தேன் என்று எப்படிச் சொல்வது? அவரே சொன்னார்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் கேட்டுகினே இருந்தாரு சார், மாத்திட்டாங்களான்னு. பொண்ணுக்குத் தாங்கல. போனைத் தொறந்து காட்டி, 'மாத்திட்டாங்கப்பா, இதோ உன் பேரு'ன்னு சொல்லிடிச்சி. கடைசி வாரத்துல அவருக்குத்தான் கண்ணும் தெரியாம பூடிச்சே. கையால தடவிப் பாத்தாரு. அந்த சாருக்கு தேங்ஸ் சொல்லுன்னாரு."

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "சொல்லிட்டேன் சார்" என்றார்.

நேராக அருங்காட்சியகத்துக்குப் போனேன். குழுவையும் கேட்கவில்லை, யாரையும் கேட்கவில்லை. இணையதளத்தில் பெயரை மாற்ற ஒரு நிமிடம் ஆனது. பிறகு பதிவேட்டில் பெயரை எழுதினேன். பக்கத்தில் 'திருத்திய தேதி' என்று ஒரு கட்டம். அதுவும் நான் போட்ட கட்டம்தான். பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். வேலையில் இருந்த காலம் முழுவதும் எந்தக் கோப்பிலும் முன்தேதி போட்டவன் இல்லை நான். அப்படிப் போட்ட இரண்டு பேருக்கு மெமோ கொடுத்திருக்கிறேன். அன்று அந்தக் கட்டத்தில் அந்த வெள்ளிக்கிழமையின் தேதியை எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அந்தப் பெண் அப்பாவிடம் சொன்னது பொய்யாக இருக்க வேண்டாம் என்று எழுதினேனா, என் முகத்தை நானே பார்க்க முடிய வேண்டும் என்று எழுதினேனா, எனக்கே தெரியாது. வேலையில் இருந்தபோது எத்தனையோ பேர் எனக்கு நன்றி சொல்லியிருக்கிறார்கள், எல்லாவற்றையும் உரிமையோடு வாங்கிக்கொண்டேன். எனக்குச் சேராத இந்த ஒரு நன்றியைத்தான் எந்தக் கோப்பில் வைப்பது என்று தெரியாமல் இன்னும் கையிலேயே வைத்துக்கொண்டிருக்கிறேன்.