மாமனார் பெயர்கொண்ட பிள்ளை

என் தலைமகன் உயிரோடு இருந்த ஆறு வருஷத்தில் அவன் பெயரை நான் ஒரு தடவைகூட வாய்விட்டுச் சொன்னதில்லை. அது என் மாமனாரின் பெயர். முதல் ஆண்பிள்ளைக்குத் தாத்தா பெயரை வைப்பது எங்கள் வழக்கம். மருமகள் மாமனார் பெயரை உச்சரிக்கக் கூடாது என்பதும் எங்கள் வழக்கம்தான். இரண்டும் சேர்ந்தால் பெற்றவள் கதி என்ன என்று அந்த வழக்கங்களை உண்டாக்கிய மகராசர்கள் யோசிக்கவில்லை. வயிற்றில் ஐந்து மாதத்தோடு நான் நாகப்பட்டினத்தில் கப்பலேறியபோது, "பேர மட்டும் சொல்லிராத ஆத்தா, அவரு ஆயுசுக்கு ஆகாது" என்று மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். தலையாட்டிவிட்டு வந்தேன்.

பினாங்கில் ஒரு வரிசை வீட்டில் குடியிருந்தோம். என் கணவர் துறைமுகத்துச் சரக்குக் கிட்டங்கி ஒன்றில் கணக்கெழுதும் கிராணி. அவருக்கும் தகப்பனார் பெயரைச் சொல்லி மகனை அதட்ட வாய் வராது. ஆகவே வீட்டில் எல்லாருக்கும் அவன் "ஐயா". ஐயா சாப்பிட வா, ஐயா மூக்கைத் துடை. பள்ளிக்கூடத்தில் சேர்த்த முதல் நாள் வாத்தியார் பெயரைப் படித்தபோது, வேறு யாரையோ கூப்பிடுகிறார் என்று பேசாமல் உட்கார்ந்திருந்தானாம். தலையில் ஒரு குட்டு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தான்.

பக்கத்து வீட்டில் ஒரு நோன்யா இருந்தாள். இந்த ஊரிலேயே தலைமுறைகளாகப் பிறந்து வளர்ந்த சீனக் குடும்பத்துப் பெண். எனக்கும் அவளுக்கும் பொதுவாக இருந்தது கடைத்தெரு மலாய்தான். எங்கள் வழக்கத்தைக் கேட்டதும் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். அவர்கள் வீட்டில் முன்னோர் பெயரில் உள்ள எழுத்தைக்கூடப் பிள்ளைக்கு வைக்க மாட்டார்களாம். அவள் மகனுடைய முறையான பெயருக்கு வசந்தமும் செழிப்பும் என்று பொருள். ஆனால் அவனுக்கு முன் இரண்டைப் பறிகொடுத்தவள் என்பதால், கெட்ட ஆவிகள் கண்வைக்காதபடி வாசலில் நின்று "நாயே, நாயே" என்றுதான் கத்துவாள். காலையில் தேங்காய்ச் சோறு விற்க வரும் மலாய்க்கார அம்மாளும் இந்தப் பேச்சில் சேர்ந்துகொள்வாள். அவள் மகனுக்கு அரபு மொழியில், கருணையுள்ள இறைவனின் அடியான் என்று பொருள்படும் பெயர் வைத்திருந்தார்கள். பிள்ளை நோஞ்சானாகவே இருக்க, பெயர் பாரம் தாங்கவில்லை என்று லேசான ஒன்றை மாற்றி வைத்தார்களாம். எனக்கு எல்லாம் வேடிக்கையாக இருந்தது. சிரித்துச் சிரித்துக் கேட்டேன்.

என் மகன் சிரிக்கவில்லை. ஒருநாள் நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது எதிரே வந்து குந்தினான்.

"அம்மா, ஒரு தடவ என் பேரச் சொல்லு."

"ஐயா, சும்மா இரு."

"அது பேரா? வாத்தியாருகூட என் பேரச் சொல்றாரு. பக்கத்து வீட்டுப் பையன அவங்கம்மா நாயின்னாவது கூப்பிடறாங்க. நீ எனக்கு ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கிற."

காதோடு காதாகச் சொன்னால்கூடப் போதும் என்று கெஞ்சினான். நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். பிறகும் பல நாள் கேட்டான். பல நாளும் நாளைக்கு என்றேன்.

அந்த மழைக்காலத்தில் என் கணவர் சரக்கோடு மேடானுக்குக் கப்பலேறியிருந்தபோது அவனுக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் வந்து மருந்துத் தண்ணீர் கொடுத்துவிட்டுப் போனார். ஐந்தாம் நாள் கண் திறந்திருந்தது, ஆனால் என்னைத் தெரியவில்லை. நோன்யா வந்து பார்த்தாள். பயந்துபோய் உயிர் வெளியே எங்கோ அலைகிறது என்றாள். அவன் சட்டையை எடுத்து என் கையில் திணித்தாள்.

"வாசல்ல நின்னு சட்டைய ஆட்டிப் பேர் சொல்லிக் கூப்பிடு. பெத்தவ குரலுக்குத்தான் திரும்பி வரும்."

பட்டப்பகலில் சட்டையோடு தெருவில் போய் நின்றேன். "ஐயா, வாய்யா, வீட்டுக்கு வாய்யா" என்று கூப்பிட்டேன். மாட்டுவண்டி ஓட்டிக்கொண்டு போன நம்மாள் ஒருவர் நிறுத்தி, "என்னையாம்மா கூப்பிட்டீங்க?" என்று கேட்டார். மூட்டை தூக்கப் போகிற இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். நோன்யா தலையில் அடித்துக்கொண்டாள். "நாமா! அவன் நாமாவச் சொல்லு லா!" பெயரை மலாயில் அப்படித்தான் சொல்வார்கள். எனக்கு நன்றாகவே புரிந்தது.

வாயைத் திறந்தேன். முதல் எழுத்து நாக்குவரை வந்துவிட்டது. கடலுக்கு அந்தப் பக்கம் பெரியவர் சுருண்டு விழுவது போலவும், மாமியார் நெற்றி வெறுமையாக இருப்பது போலவும் கண்ணுக்குள் வந்தது. வாயை மூடிக்கொண்டேன். மறுபடியும் ஐயா என்றே கூப்பிட்டுவிட்டு உள்ளே வந்தேன். மறுநாள் காலை அவன் போய்விட்டான்.

கூப்பிட்டிருந்தால் பிழைத்திருப்பான் என்று நான் சொல்லவில்லை. அந்தக் காய்ச்சலில் எங்கள் வரிசையில் மட்டும் மூன்று வீட்டில் பிள்ளைகள் போயின. ஆனால் கட்டிலில் கிடந்தவன் காதில் விழுந்திருக்கும். அதைச் செய்யாத என்னை நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கப் போவதுமில்லை.

அடக்கம் செய்யச் சீட்டு வேண்டும், சொந்தக்காரர் யாராவது வந்துதான் வாங்க வேண்டும் என்றார்கள். கணவர் கப்பலில். நான்தான் போனேன். மேஜைக்குப் பின்னால் இருந்த எழுத்தர் தமிழர்தான்.

"பிள்ள பேரு?"

ஊரில் பெண்கள் சொல்கிற மாதிரி ஜாடையாகச் சொன்னேன். "தண்ணீர்மலை மேல இருக்கிற சாமி பேருங்க."

"அந்தச் சாமிக்கு நூறு பேரு இருக்கும்மா. இதுல எந்தப் பேர நான் எழுத?"

எனக்குப் பின்னால் ஆட்கள் காத்திருந்தார்கள். மழை பிடித்துக்கொள்வதற்குள் பிள்ளையை எடுக்க வேண்டும் என்று வெளியே அவசரப்பட்டார்கள். சொன்னேன். குரல் எழும்பவில்லை. அவர் பேனாவை நிறுத்திக்கொண்டு, "காதுல விழல, சத்தமாச் சொல்லு" என்றார். சத்தமாகச் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டு, வயது என்ன என்று கேட்டார்.

இரண்டு தடவை சொல்லியாகிவிட்டது. அடுத்த கப்பலில் என்ன செய்தி வருமோ என்று பயந்துகொண்டே இருந்தேன். பெரியவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்கப்புறமும் ஒன்பது வருஷம் திடமாக இருந்தார்.