தலையணை உறைக்குள் போன புத்தகம்

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் அவளை எல்லோரும் மடிப்பக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். துவைத்துக் காய்ந்து வரும் விரிப்புகளையும் தலையணை உறைகளையும் மடித்து அடுக்குகிற வேலை. மூன்றாம் வகுப்போடு படிப்புக்கு முழுக்குப் போட்டவள். ஐம்பத்திரண்டு வயதுவரை ஒரு புத்தகத்தைக்கூட முழுசாகப் படித்ததில்லை.

அப்பேர்ப்பட்டவள் சலவைக்கூடத்து ஆட்கள் தங்களுக்குள் நடத்திய அந்த வருட வாசிப்புப் போட்டியில் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள். ஒரு புத்தகம் முடித்தால் அதன் பெயரைத் துணித்துண்டில் எழுதிச் சாப்பாட்டு அறைக் கொடியில் தொங்கவிட வேண்டும். ஆளுக்கொரு கொடி. டிசம்பர் கடைசி வேலைநாளில் எண்ணிப் பார்ப்பார்கள்.

இயந்திரம் ஓட்டுகிறவனுக்கு இடிமுழக்கம் என்று பட்டப்பெயர். இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்தியே வளர்ந்த குரல்.

"அக்கா, இது மடிச்சு வைக்கிற வேலை இல்ல. பிரிச்சுப் படிக்கணும்" என்றான்.

"போடா தம்பி. ஒண்ணே ஒண்ணு படிச்சாலும் நானே படிச்சு முடிப்பேன். பாத்துக்கிட்டே இரு."

அவள் எடுத்த புத்தகம், காணாமல் போன தங்கையைத் தேடிப் போகும் படகுக்காரியின் கதை. இருநூற்றெண்பது பக்கம். வரிக்கு வரி விரலை வைத்து, உதடு அசைய, எழுத்துக் கூட்டிப் படித்தாள். இடிமுழக்கமும், கிழிந்த விரிப்புகளைத் தைக்கிற தையல்காரம்மாவும் இருபதைத் தாண்டி மல்லுக்கட்டினார்கள். மடிப்பக்காவின் கொடி மட்டும் மொட்டையாகத் தொங்கியது. அவளுக்கோ அந்தத் தங்கை கிடைப்பாளா மாட்டாளா என்பதே கவலை.

டிசம்பர் முதல் வாரம். இருநூற்று ஐம்பத்தோராம் பக்கத்தில் இருந்தபோது மேற்பார்வையாளர் வரும் செருப்புச் சத்தம். புத்தகத்தைச் சட்டென்று ஒரு உறைக்குள் திணித்தாள். அவர் போனதும் மேல் உறையில் கறை தெரிந்தது. இருபது வருடப் பழக்கம், கை சும்மா இருக்குமா? கட்டோடு அள்ளி மறுசலவைக் கூடையில் போட்டுவிட்டாள்.

இடிமுழக்கம் இயந்திரக் கதவைத் திறந்தபோது உள்ளே காகிதக் கூழ்தான் இருந்தது. மடிப்பக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"நான் படிச்ச கதைதான்க்கா. முடிவைச் சொல்லட்டுமா?"

"வேண்டாம்டா" என்றாள். கண் கலங்கியிருந்தது.

அதற்குப் பிறகு இடிமுழக்கம் மணி அடித்தவுடன் ஓடிவிடுவான். அவன் கொடி முப்பதோடு நின்றுபோனது. தையல்காரம்மா முப்பத்தொன்றைத் தொங்கவிட்டு, "காத்து போயிடுச்சு போல" என்று கிண்டலடித்தாள்.

வருடம் முடிய ஐந்து நாள் இருக்கையில் இடிமுழக்கம் மடிப்பக்காவின் மேசையில் ஒரு நோட்டை வைத்தான்.

"பெரிய நூலகத்துல இதே புத்தகம் இருக்கு. வெளிய தர மாட்டாங்களாம். அங்கேயே உக்காந்து எழுதிட்டேன்."

விட்ட இடத்திலிருந்து கடைசிவரை அத்தனை பக்கமும் இருந்தது. அவள் விரல் வைத்துப் படிக்க வாகாக, ஒவ்வொரு எழுத்தும் கொட்டை கொட்டையாக.

தையல்காரம்மா எட்டிப் பார்த்தாள். "இதுக்கா ஓடினே? வாயால சொல்லித் தொலைச்சிருக்கலாமே."

"நானே படிச்சு முடிப்பேன்னு அக்கா சொன்னாங்களே."

கடைசி வேலைநாள் மதியம் அவள் படித்து முடித்தாள். தங்கை கிடைத்துவிட்டாள். மடிப்பக்கா நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டாள்.

"எனக்காக யாரும் ஒரு வரிகூட எழுதினதில்லடா தம்பி. நீ நல்லா இருக்கணும்."

துணித்துண்டில் புத்தகத்தின் பெயரைத் தன் கையாலேயே எழுதினாள். பிறகு தன் கொடியையும் அவன் கொடியையும் இழுத்துச் சேர்த்து, இரண்டுக்கும் பொதுவாக அந்தத் துண்டை ஒரே குண்டூசியால் குத்தினாள்.

"அப்போ அவனுக்கும் முப்பத்தொண்ணா?" என்றாள் தையல்காரம்மா.

"ஆமா."

தையல்காரம்மா கொடியையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "ஊசி கோணலா இருக்கு, விழுந்துடும்" என்று சொல்லி, தன் நூலை எடுத்து அந்தத் துண்டை இரண்டு கொடியோடும் சேர்த்துத் தைத்தாள்.