பக்கம் முடிந்த இடம்

ஆகஸ்டு கடைசி. கறுப்பினப் பிள்ளைகளின் பள்ளி திறக்க இரண்டு நாள் இருந்தது. அல்மீடா டீச்சர் சமையற்கட்டுக்கு வந்து ஒரு கிண்ணம் மாவு கேட்டார். சமையல்காரி டெலியா எதற்கென்று கேட்காமல் எடுத்துக் கொடுத்தாள். டீச்சர் அதைக் காய்ச்சிப் பசையாக்கி வகுப்பறைக்குக் கொண்டுபோனார்.

மாலையில் வீட்டுக்குக் கிளம்பும்போது டெலியா எட்டிப் பார்த்தாள். நகரத்து வெள்ளைக்காரப் பிள்ளைகள் படித்துக் கழித்த புத்தகங்கள் தரையில் குவிந்து கிடந்தன. டீச்சர் ஒவ்வொன்றாகத் திறந்து முதல் பக்கத்தின்மேல் பழுப்புக் காகிதம் ஒட்டிக்கொண்டிருந்தார். "கிழிஞ்சிருக்கு, சிஸ்டர்" என்றார். டெலியாவுக்கு அப்போது எழுத்துத் தெரியாது. நம்பிவிட்டாள். அந்தப் புத்தகங்கள் யார் கைக்குப் போகும் என்று தெரிந்தே அந்தப் பிள்ளைகள் முதல் பக்கத்தில் வசை எழுதி அனுப்புவார்கள் என்பது வெகுகாலம் கழித்துத்தான் அவளுக்குத் தெரிந்தது. பத்தொன்பது ஆகஸ்டுகள் டீச்சர் உட்கார்ந்து அந்த வசைகளை மூடினார். ஒரு பிள்ளைக்கும் அதைச் சொன்னதில்லை.

பத்தொன்பதாம் வருடம் தென் கரோலினா அரசு ஆசிரியர்களுக்கெல்லாம் ஒரு படிவம் அனுப்பியது. கறுப்பர் உரிமைக்காக வழக்காடும் சங்கத்தில் நீ உறுப்பினரா என்று அதில் ஒரு கேள்வி. உறுப்பினராக இருந்தும் 'இல்லை' என்று எழுதியவர்கள் பலர். டீச்சர் அவர்களை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. அவர்களுக்கும் வயிறு இருக்கிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள். தான் மட்டும் 'ஆம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஜூன் மாதம் வேலை போயிற்று.

அதன்பிறகு அவர் துணி தைத்துப் பிழைத்தார். செவ்வாயும் வியாழனும் சாயங்காலம், முடிவெட்டும் இஷாமின் கடைப் பின்னறையில் பெரியவர்களுக்கு வகுப்பு நடத்தினார். ஆறு பேர் வந்தார்கள். ஓட்டுப் பட்டியலில் பெயர் ஏறவேண்டும் என்பதுதான் அவர்கள் ஆசை. அதற்கு, பட்டியல் திறக்கிற மாதத்தின் முதல் திங்கட்கிழமையன்று நீதிமன்றத்துக்குப் போய், மாநிலச் சட்டத்தில் எழுத்தர் நீட்டுகிற பகுதியை உரக்க வாசித்துக் காட்டவேண்டும்.

டெலியாவுக்கு வயது ஐம்பத்து மூன்று. முதல் நாள் அவள் பென்சிலைக் கரண்டிபோலப் பிடித்ததைப் பார்த்து இஷாம் சிரித்தார். "முப்பது வருஷமா பள்ளிக்கூடத்துல இருக்கே, இன்னும் ஒண்ணாங்கிளாஸ் தாண்டலையா?"

"நான் அங்க சோறுதான் பொங்கினேன், பிரதர். நீங்க நாப்பது வருஷமா கத்தரி பிடிக்கிறீங்க. உங்க தலையைக் கண்ணாடில பார்த்தீங்களா?"

நவம்பரில் தேர்தல் இருந்தது. பெயர் ஏற்ற இன்னும் ஒரே ஒரு திங்கட்கிழமைதான் பாக்கி. எழுத்தோ பாதிகூட வரவில்லை. அப்போது டெலியாவே ஒரு வழி சொன்னாள். அவர்கள் சபையில் பாட்டுப் புத்தகம் கிடையாது. மூப்பர் ஒரு வரியைச் சொல்வார், சபை அதை வாங்கி இழுத்துப் பாடும். அப்படித்தான் அவளுக்கு நூறு கீர்த்தனை மனப்பாடம். சட்டத்தையும் அதேபோல வரிவரியாகச் சொல்லிக்கொடுத்தால் தாங்கள் பிடித்துக்கொள்வோம் என்றாள். எழுத்தர் பல மாதமாக அந்த ஒரே பகுதியைத்தான் நீட்டுகிறார் என்பது எல்லாருக்கும் தெரியும். டீச்சர் நாட்காட்டியில் மீதி நாட்களை எண்ணிப் பார்த்தார். பிறகு சரி என்றார். மூன்று வாரம் பின்னறையில் சட்டம் கீர்த்தனைபோல ஒலித்தது.

அந்தத் திங்கட்கிழமை டெலியா ஞாயிற்றுக்கிழமைத் தொப்பியை அணிந்து வரிசையில் முதலில் நின்றாள். எழுத்தர் தாளை நீட்டினார். அவள் கண்களைத் தாளில் வைத்துக்கொண்டு தெளிவாக, ஒரு சொல் பிசகாமல் சொன்னாள். கர்த்தர் தன் நாவில் இருக்கிறார் என்று நினைத்தாள். ஆனால் அன்று எழுத்தர் கொடுத்த பக்கம் ஒரு வாக்கியத்தின் நடுவிலேயே முடிந்துவிட்டது. மீதி மறுபக்கத்தில் இருந்தது. டெலியாவுக்கு அது தெரியவில்லை. தாளைத் திருப்பாமலே மேலும் நான்கு வரி சொல்லிக்கொண்டே போனாள்.

எழுத்தர் குறுக்கிடவில்லை. அவள் முடிக்கும்வரை காத்திருந்து, விரலைத் தாளின் வெற்று ஓரத்தில் வைத்தார்.

"டெலியா, இப்ப சொன்னியே, அது எங்க எழுதியிருக்கு? காட்டு பார்ப்போம்."

அவளால் காட்ட முடியவில்லை. அவர் பக்கத்து அறையிலிருந்து இரண்டு பேரைக் கூப்பிட்டு, அவளை மறுபடி சொல்லச் சொன்னார். இந்தக் கிளி எந்த இடத்தில் பாடம் படிக்கிறது என்றும் சிரித்துக்கொண்டு கேட்டார்கள். பின்னால் நின்ற ஐந்து பேரையும் வாசிக்கவிடாமலே அனுப்பிவிட்டார்கள். அந்த வாரமே இஷாமின் கடைக்கு இடம் கொடுத்தவர் வந்து, வகுப்பு நடந்தால் கடை இருக்காது என்று சொல்லிவிட்டுப் போனார்.

டெலியா இரண்டு ஞாயிறு கோயிலுக்குப் போகவில்லை. மூன்றாம் ஞாயிறு மதியம் டீச்சரே அவள் வீட்டுக்கு வந்தார். டெலியா வெண்டைக்காய் சூப்பும் சோறும் வைத்தாள். டீச்சர் கரண்டியைத் தொடவில்லை. பிலடெல்பியாவிலிருக்கும் தங்கை கடிதம் போட்டிருக்கிறாள், அங்கே பள்ளியில் வேலை இருக்கிறதாம், போய்விடலாம் என்றிருக்கிறேன் என்றார். அவர் குரல் அப்படி இறங்கி டெலியா கேட்டதில்லை. வேலை போன ஜூனில்கூட இல்லை.

"தப்பு உங்க மேல இல்ல, சிஸ்டர். நாள் இல்லையேன்னு பயந்துட்டேன். வாசிக்கச் சொல்லிக்கொடுக்கறதுக்குப் பதிலா சொல்லச் சொல்லிக்கொடுத்தேன். உங்களை அங்க நிக்க வெச்சது நான்தான். இனி யாருக்குச் சொல்லிக்கொடுக்க எனக்கு என்ன முகம் இருக்கு?"

டெலியா தட்டை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"போகணும்னா போங்க, டீச்சரம்மா. ஆனா எனக்கு எழுத்து கத்துக்குடுத்துட்டுப் போங்க. அதை இன்னும் நீங்க கத்துக்குடுக்கவே இல்ல."

 டீச்சர் அவளையே பார்த்தார். அழுகையா சிரிப்பா என்று சொல்லமுடியாத ஒன்று அவர் முகத்தில் வந்து போயிற்று. பிறகு சூப்பைக் குடித்தார். குடித்து முடித்து, ஒரு காகிதம் இருக்கிறதா என்று கேட்டார்.

அன்று முதல் வகுப்பு டெலியாவின் சமையலறையில் நடந்தது. ஆறு பேரில் மூன்று பேரே திரும்பி வந்தார்கள். டெலியாவுக்கு வந்த பெரிய இடைஞ்சல் அவளுடைய ஞாபகமேதான். எந்த வேதவசனத்தை வைத்தாலும் விரல் முதல் சொல்லில் நிற்கும்போதே வாய் கடைசிச் சொல்லுக்குப் போய்விடும். ஆகவே டீச்சர் பக்கத்தின் கடைசிச் சொல்லிலிருந்து பின்னோக்கி வாசிக்கவைத்தார். ஞாபகம் அங்கே உதவிக்கு வராது. ஒவ்வொரு சொல்லையும் எழுத்துக்கூட்டித்தான் ஆகவேண்டும். "இருபத்து மூணாம் சங்கீதத்தைத் தலைகீழா நிறுத்தினா தாவீது ராஜா சும்மா இருப்பாரா, டீச்சரம்மா?" என்று டெலியா கேட்டாள். ராஜாவிடம் தான் பேசிக்கொள்வதாக டீச்சர் சொன்னார்.

பதினொரு மாதம் ஆயிற்று. நடுவில் ஒருநாள் டீச்சர் தங்கைக்குப் பதில் எழுதினார். இப்போது வர முடியாது, இங்கே ஒருவர் பாதிப் பக்கத்தில் இருக்கிறார் என்று எழுதியதாகச் சொன்னார்.

அடுத்த முறை போனபோது எழுத்தர் வேறு பகுதியை நீட்டினார். டெலியா விரல் வைத்து, மெதுவாக, இரண்டு இடத்தில் தடுமாறி, வாசித்துத் தாளின் அடியில் நிறுத்தினாள். "மறுபக்கமும் வாசிக்கணுமா, சார்?" என்று கேட்டாள். அவர் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டார். இன்று நேரமாகிவிட்டது, அடுத்த மாதம் வா என்றார். அடுத்த மாதம் அவர் வரவில்லை என்று கதவைப் பூட்டினார்கள். மூன்றாம் முறைதான் சான்றிதழ் கையில் வந்தது. வெளியே படியில் நின்ற டீச்சரிடம் அவள் அதைக் கொடுத்தாள். டீச்சர் அதைக் கடைசிச் சொல்லிலிருந்து முதல் சொல்வரை ஒருமுறை வாசித்தார்.

அதற்கடுத்த வசந்தத்தில் கடலோரத்துத் தூரத் தீவு ஒன்றிலிருந்து, அங்கேயும் வகுப்பு வேண்டும் என்று ஆள் வந்தது. அதற்குள் ஆட்கள் கூடியிருந்த சமையலறை வகுப்பை டெலியாவிடம் விட்டுவிட்டு டீச்சர் போகச் சம்மதித்தார். அந்த வருடக் குளிர்காலத்தில் நுரையீரலில் சளி கட்டி அங்கேயே கர்த்தருக்குள் உறங்கினார். டெலியா அவரைக் கடைசியாகப் பார்த்தது அவர் புறப்பட்ட நாளன்றுதான். பஸ் நிறுத்தத்தில் இஷாம் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.  டெலியா, தன்னால் வகுப்பு நடத்த முடியுமா, இதெல்லாம் எப்போதாவது ஒரு கரையைத் தொடுமா என்று கேட்டாள். டீச்சர் அவள் கைகளைப் பிடித்துக்கொண்டார்.

"கரை எங்கன்னு எனக்குத் தெரியாது, டெலியா. செவ்வாய்க்கிழமை ஏழு பேர் வருவாங்க, அது தெரியும். அவங்களை அவசரப்படுத்தாதீங்க. நான் அவசரப்பட்டேன்."