ஆறில் ஒரு பங்குக் கிணறு

தொழிற்சாலையில் கக்கூஸ் அடைத்தால்தான் பராமரிப்பு முகாமையாளர் என்று ஒருவர் இருப்பது மற்றவர்களுக்கு ஞாபகம் வரும். கூரை, குழாய், பூட்டு, ஜெனரேற்றர், தண்ணீர்த் தாங்கி என்று நாள் முழுக்க மாரடிக்கும் என் இனத்தவரே, இதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

எண்பதுகளின் நடுவில் எனக்கு அந்த உத்தியோகம் வாய்த்தது. சுன்னாகத்துக்கும் மருதனார்மடத்துக்கும் இடையில், பல நாடுகளில் கிளை வைத்திருந்த ஒரு கம்பனியின் நைலோன் மீன்வலைத் தொழிற்சாலை. நாற்பது பெண்கள், ஆறு இயந்திரங்கள், இடுப்பில் சாவிக்கொத்தோடு ஓரிடத்தில் இருக்கமுடியாத நான். பின்னிய வலைக்குச் சாயம் போட்டு அலச நாள்தோறும் தண்ணீர் வேண்டும். தலைமையகத்தின் நிபந்தனை ஒன்றுதான்: தொடர்ந்து முப்பது நாள் வேலை நின்றால் கிளையை மூடிவிடுவார்கள். அந்த வாக்கியத்தை வெட்டிக் கலண்டருக்கு மேலே ஒட்டிவைத்தேன். ஒட்டிய நாளிலிருந்து எனக்கு நித்திரை குறைந்தது.

நிபந்தனையோடு ஒரு தலைமைத்துவக் கைந்நூலும் வந்தது. இரண்டு தரம் படித்தேன். பதினொரு அச்சுப்பிழைகள்.

சொத்துப் பதிவேடு

கம்பனி காணி வாங்கியபோது உறுதிப் பத்திரத்தில் எங்கள் ஊர் வழக்கப்படி, "கிணற்றில் ஆறில் ஒரு பங்கும், வழிவாய்க்கால் பாத்தியதையும்" என்று எழுதியிருந்தது. மற்ற ஐந்து பங்கும் பக்கத்து வெங்காயத் தோட்டத் தறைக்காரருடையவை. ஆளுக்கொரு நாள் முறை வைத்து இறைப்பார்கள். எங்களிடம் சொந்தமாகக் குழாய்க் கிணறும் மின்மோட்டரும் இருந்ததால், எங்கள் நாளையும் அவர்களே பகிர்ந்து இறைத்தார்கள். ஆனாலும் சொத்து சொத்துத்தானே? "கிணறு, 1/6" என்று பதிவேட்டில் எழுதி அனுப்பினேன்.

தலைமையகம் மறுமொழி எழுதியது: கிணற்றின் எந்த ஆறிலொரு பகுதி நம்முடையது? புகைப்படம் தேவை. நான் கமெராவோடு போய்க் கிணற்றுக்கட்டைச் சுற்றிச் சுற்றி வந்தேன். பங்குகாரரில் மூத்தவரான பொன்னுத்துரை அண்ணை மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு பார்த்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"தம்பி, உங்கடை பங்கு தண்ணிக்குள்ளை கிடக்கு. படத்திலை விழாது."

கூடும் இடம்

கைந்நூலின்படி மூன்று மாதத்துக்கு ஒருமுறை தீப்பயிற்சி நடத்த வேண்டும். மணி அடித்ததும் எல்லாரும் வெளியே வந்து திறந்தவெளியில் கூட வேண்டும். முற்றத்தில் பச்சைப் பலகை நட்டு, "கூடும் இடம்" என்று நானே எழுதினேன். மணியை அடித்தேன். நாற்பது பேரும் ஒரு ஒழுங்கோடு, ஒருவரையொருவர் இடிக்காமல், கட்டடத்துக்குப் பின்னால், ஹெலிகொப்டர் சூட்டுக்குத் தப்ப வெட்டியிருந்த பதுங்குகுழிக்குள் இறங்கினார்கள். பச்சைப் பலகைக்குக் கீழே நான் மட்டும் நின்றேன், கையில் மணிக்கூட்டோடு.

குழி வாசலில் குனிந்து நின்று கைந்நூலின் நான்காம் அத்தியாயத்தை விளக்கினேன். உள்ளே இருந்து இராசமணியின் குரல் வந்தது. இராசமணி இயந்திரப் பகுதியின் மேற்பார்வைக்காரி. வல்வெட்டித்துறையிலிருந்து விடிய மினிவான் பிடித்து வருவார். கடலுக்குப் போகத் தடை வந்த நாளிலிருந்து புருசன் கரையில்தான். மூன்று பிள்ளைகள். வீட்டில் அடுப்பு எரிவது இவருடைய சம்பளத்தில். புருசன் வீசமுடியாத வலையை இவர் நாள்தோறும் பின்னினார்.

"சேர், நெருப்பு வந்தால் வெளியிலை ஓடவேணும், ஹெலி வந்தால் உள்ளுக்கை ஓடவேணும். ரண்டும் ஒண்டா வந்தால் வாசல்லையோ நிக்கிறது?"

கைந்நூலில் அதற்கு அத்தியாயம் இல்லை.

வட்ட மேசை

அந்த ஆனி மாதம் குழாய்க் கிணற்று மோட்டர் எரிந்தது. புது மோட்டர் கொழும்புவரை வந்து, போரால் பாதை அடைபட்டதால் அங்கிருந்து வர வழியில்லாமல் கிடந்தது. வேலை நின்றது. கலண்டரில் நாட்களை வெட்டத் தொடங்கினேன். பத்து, பதினொன்று, பன்னிரண்டு. இராசமணி காலையில் வந்ததும் முதலில் என் கலண்டரைப் பார்ப்பார். பிறகு என்னைப் பார்ப்பார்.

மிஞ்சியிருந்தது பங்குக் கிணறு. ஆறு நாளில் எங்களுக்கு ஒரு நாள், அது போதாது. கைந்நூல் சொன்னபடி வட்டமாக ஆறு கதிரை போட்டு, நடுவில் பிஸ்கட் வைத்து, பங்குகாரரை அழைத்தேன். இரண்டு மணித்தியாலம் பிஸ்கட்டோடு தனியே இருந்தேன். ஒருவரும் வரவில்லை. "இறைக்கிற நேரத்திலை ஆர் சேர் கதிரையிலை இருக்க வருவினம்? நீங்கள் போங்கோ" என்றார் இராசமணி.

போனேன். பொன்னுத்துரை அண்ணை ஒன்றும் கேட்காமல் மண்வெட்டியைத் தந்தார். ஒரு பாத்தி நிறைந்ததும் வரம்பை அடைத்து மற்றப் பாத்திக்கு வெட்டிவிட வேண்டும். அதுதான் தண்ணி மாறுவது. நான் வெட்டியதில் வரம்பே உடைந்து தண்ணீர் வெளியே தெரு ஒழுங்கைக்குப் போனது. வேலிக்கு அந்தப் பக்கம் நின்றவர்கள்கூடச் சிரித்தார்கள். சேறு முழங்கால்வரை ஏற, நாற்பது பெண்களின் கதையைச் சொன்னேன். கோழி கிளறாமல் பாத்திகளைச் சுற்றிக் கட்டக் கழிவு வலை தருவதாகவும் சொன்னேன். அவர் மண்வெட்டியைத் திருப்பி வாங்கினார்.

"தண்ணி மாறத் தெரியாட்டிலும் வந்து கேக்கத் தெரியுது. செவ்வாயும் வெள்ளியும் எடுங்கோ தம்பி. நாலு மணித்தியாலம். அதுக்குப் பிறகு கிணறு ஊறவேணும்."

மூன்று அங்குலம்

பதினேழாம் நாள் இயந்திரங்கள் ஓடத் தொடங்கின. கலண்டரில் திரும்பவும் ஒன்றிலிருந்து எண்ணலாம். இந்த இடத்தில் ஒரு நல்ல முகாமையாளன் கையைக் கட்டிக்கொண்டு இருந்திருப்பான். எனக்கு இருக்க முடியவில்லை. இரண்டு நாள் தண்ணீரில் இயந்திரங்கள் மூன்று நாள்தான் ஓடின. கிழமை முழுவதும் ஓட்ட வேண்டும் என்று அரிப்பு.

களஞ்சியத்தில், ஆழக் குழாய்க் கிணற்றுக்கு எட்டாத மூன்று அங்குல மண்ணெண்ணெய்த் தண்ணீர்ப் பம் ஒன்று சும்மா இருந்தது. நாங்கள் பேசிக்கொண்டது நாலு மணித்தியாலம். எத்தனை அங்குலம் என்று யாரும் பேசவில்லை. சொல்லுக்குச் சொல் வாசிக்கிற எனக்கு அந்த ஓட்டை கண்ணில் பட்டது பெரிய ஆச்சரியமில்லை. பங்குக் கிணற்றில் அதுவரை இறைத்த இரண்டு அங்குலப் பம்மைக் கழற்றி மூன்று அங்குலத்தைப் பூட்டினேன். நாலு மணித்தியாலத்துக்கு ஒரு நிமிடமும் கூடவில்லை. மூன்று கிழமை தாங்கி நிரம்பி வழிந்தது. என்னுடைய கெட்டித்தனத்தைப் பற்றித் தலைமையகத்துக்கு இரண்டு பக்கம் எழுதினேன்.

ஆடிக் கடைசியில் பொன்னுத்துரை அண்ணை என்னை வீட்டுக்குக் கூப்பிட்டார். தேத்தண்ணி தந்தார். குடித்தேன். வெளியே பாத்திகளில் வெங்காயத் தாள்கள் நுனி கருகி நின்றன. நான் பார்த்ததை அவர் பார்த்தார்.

"தேத்தண்ணி எப்பிடித் தம்பி?"

"நல்லா இருக்கு அண்ணை."

"சீனி நான் போட்டது. உப்பு உங்கடை பம் போட்டது."

படிப்பித்தல்

மூன்று அங்குலப் பம்மைக் கழற்றினேன். மழை வந்து கிணறு தேறும்வரை எங்கள் முறைகளை விட்டுக்கொடுப்பதாக ஐந்து பங்குகாரருக்கும் நேரே போய்ச் சொன்னேன். கடிதம் எழுதவில்லை. வெட்டிய ஓட்டையை நான்தானே அடைக்க வேண்டும். ஆனால் அடைத்தால் இயந்திரங்கள் நிற்கும். மழைக்கு இரண்டு மாதம் இருந்தது. நிபந்தனை முப்பது நாள். கணக்குத் தெரியாதவர் எங்களில் யாரும் இல்லை.

பெண்களைக் கூட்டி விளக்கினேன். கரும்பலகையில் படம் கீறினேன்: கீழே உப்புநீர், அதன்மேல் மெல்லிய படலமாக மழை தந்த நன்னீர், அளவுக்கு மிஞ்சி உறிஞ்சினால் கீழிருப்பது மேலே வரும். படம் நன்றாகத்தான் வந்திருந்தது. இராசமணி எழுந்தார்.

"சேர், கடல் எங்கை கிடக்கெண்டு எனக்குப் படிப்பியாதேங்கோ. நாளைக்கு என்ரை அடுப்பு எப்பிடி எரியும் எண்டு கீறிக் காட்டுங்கோ."

வெண்கட்டியை வைத்துவிட்டுப் படத்தை அழித்தேன். அதற்குப் பிறகு அவர் என்னோடு கதைக்கவில்லை. எல்லாரும் வழக்கம்போல் வந்தார்கள், இயந்திரங்களைத் துடைத்தார்கள், போனார்கள். நான் ஒழுகாத குழாய்களை இறுக்கினேன், பூட்டிய கதவுகளைத் திறந்து மறுபடி பூட்டினேன், ஒரே நாளில் தாங்கியில் மூன்று தரம் ஏறி இறங்கினேன். கலண்டரைக் கழற்றி மேசை லாச்சிக்குள் வைத்தும் பார்த்தேன். நாட்கள் உள்ளேயும் போய்க்கொண்டுதான் இருந்தன. முப்பதாம் நாள் மாலை, நாற்பது குடும்பங்களின் பிழைப்பை ஒரு குழாயின் வாயால் விழுங்கியவன் நான் என்று முடிவுகட்டினேன்.

கடிதம்

அடுத்த கிழமை தலைமையகத்தின் கடிதம் வந்தது. எங்கெங்கோ சுற்றி, மூலைகள் மடிந்து, ஈரம் பட்டுக் காய்ந்த உறை. உலகமெங்கும் உள்ள சிறு கிளைகளை மீளொழுங்கு செய்வதில் எங்கள் கிளை மூடப்பட்டுவிட்டதாம். கடிதத்தின் திகதியைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். எங்கள் மோட்டர் எரிவதற்கு ஒரு கிழமை முந்தியது. வட்ட மேசை போட்டதும், வரம்பை உடைத்ததும், மூன்று அங்குலம் பூட்டியதும், வெங்காயத்தைக் கருக்கியதும் எல்லாம் கடதாசியில் ஏற்கனவே இல்லாமற்போன ஒரு தொழிற்சாலைக்காக. கடைசிப் பந்தியில் எனக்கு மட்டும் ஒரு செய்தி: கொழும்பில் புதிய பதவி, இளம் முகாமையாளருக்குத் தலைமைத்துவம் கற்பிக்க.

வாசித்துக் காட்டினேன். யாரும் அழவில்லை; அழுகையை ஒரு மாதமாகச் சில்லறையாகச் செலவழித்துவிட்டார்கள். பொன்னுத்துரை அண்ணையிடம் போய்ச் சொன்னேன். அவர், "மூடின பக்டரிக்கோ நாங்கள் ரண்டு முறை விட்டனாங்கள்?" என்றார். கோபமாக அல்ல, விளங்கிக்கொள்ளும் ஆசையில்.

பயணம் சொல்லப் போன நாளில் அவருடைய தறையில் தப்பிய பாதி வெங்காயத்தை மண்ணிலிருந்து கிண்டி எடுத்துக்கொண்டிருந்தார்கள். கூலிக்கு வந்த பெண்களில் எங்கள் ஆட்கள் ஏழெட்டுப் பேர். இராசமணியும் நின்றார், கையெல்லாம் செம்மண். பிழை என்னுடையதுதான், கடிதம் முந்தி வந்ததால் அது இல்லையென்று ஆகாது என்று தொடங்கினேன். அவர் ஒரு பிடி வெங்காயத்தை உதறிக் கடகப் பெட்டியில் போட்டார். ஒரு மாதத்துக்கு மேல் கழித்து என்னோடு முதன்முதலாகக் கதைத்தார்:

"போட்டு வாங்கோ சேர். கொழும்பிலை கிணத்துக்குப் பங்குகாரர் இல்லையாம். அங்கை நீங்கள் நல்லா வருவியள்."

அத்தனை வருட முகாமைத்துவத்தில் நான் ஐயமறக் கற்றது ஒரு கிணறு எப்போது உவர்க்கும் என்பதை மட்டுந்தான், கொழும்பில் நான் எடுத்த தலைமைத்துவ வகுப்புகளில் அதைப் பற்றி ஒருவரும் ஒரு கேள்வியும் கேட்டதில்லை.