கிளட்ச் இல்லாத அம்பாசிடர்

கள்ளக்குறிச்சியில் ஒரு பள்ளி மைதானம். பழைய கார் கண்காட்சிக்காகச் சென்னையிலிருந்து வந்திருக்கிறேன். கடைசி வரிசையில் ஒரு வெள்ளை அம்பாசிடர் பானெட்டைத் திறந்தபடி நிற்கிறது. எஞ்சின் இருக்க வேண்டிய இடத்தில் பேட்டரிப் பெட்டிகள்.

"இன்னாங்க அப்படிப் பாக்கறீங்க? கரன்ட்டுல ஓடுது," என்கிறார் பக்கத்தில் நிற்கும் பிலோமினா. வடக்கனந்தல் பக்கம் ஆசிரியையாக இருக்கிறார். ஸ்டியரிங் முன்னால் அவர் கணவர் சூசை.

"இவருக்குப் பக்கவாதம் வந்து எடது காலு வராம போச்சுங்க. கிளட்ச் மிதிக்க முடியல. தெனம் காரையே பாத்துக்கினு கெடந்தாரு. அதான் எஞ்சின எடுத்துட்டு மோட்டார் போட்டோம். போன தடவ ஒரிஜினல் இல்லன்னு உள்ள வுடல. இந்த வாட்டி கண்காட்சிக்காரங்களே வரச் சொன்னாங்க."

மாற்றிய கார்களைச் சேர்க்கவே கூடாது என்று எங்கள் பழைய கார் சங்கத்தில் வருடக்கணக்காகச் சண்டை போட்டவன் நான். மறைக்க மனம் வராமல் சொல்லிவிடுகிறேன். பிலோமினாவின் முகம் வாடுகிறது. சூசைதான் எட்டிக் கதவைத் திறக்கிறார்.

"ஏறுங்க சார். ஓட்டிக் காட்டறேன்."

மைதானத்தைச் சுற்றி வருகிறோம். பழைய இரைச்சல் இல்லாதது எனக்கு இன்னமும் உறுத்துகிறது. ஆனால் வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது அவர் முகம் மலர்வதைப் பார்க்கிறேன். அதற்குப் பிறகு என்னிடம் வாதம் எதுவும் மிச்சமில்லை.

"இப்ப இவள ஸ்கூல்ல வுடறதும் நான்தாங்க," என்கிறார்.

கார் நின்றதும் இறங்குகிறேன். கதவைப் பிடித்துக்கொண்டு பிலோமினாவை என் இடத்தில் உட்காரச் சொல்கிறேன். கார் ஓசையில்லாமல் நகர்கிறது. அவர்கள் இருவரும் சிரிக்கும் சத்தம் மட்டும், கார் தள்ளிப்போன பிறகும் கேட்டுக்கொண்டிருக்கிறது.