மரத்தடிக் காட்சி

யுத்தம் முடிந்த மறுவருடம் நான் அடையாற்றில் ஒரு படப்பிடிப்பு நிலையத்தில் பிலிம் வெட்டி ஒட்டும் வேலையில் இருந்தேன். எந்தத் துண்டு எங்கே சேர்கிறது, எது கழிகிறது என்று பட்டியல் எழுதிவைப்பதும் நான்தான். அந்த அறையில் பெண் நான் ஒருத்தி. மதியம் தனியாகத்தான் சாப்பிடுவேன்.

ஒருநாள் கதை எழுதுபவர் வந்து உட்கார்ந்து, என் அப்பாவைப் பற்றிக் கேட்டார். சொன்னேன். அப்பா ரங்கூனில் ஒரு மரக் கம்பெனியில் குமாஸ்தா. ஜப்பான் குண்டு விழுந்ததும் மற்றவர்களோடு கால்நடையாக ஊருக்குக் கிளம்பினார். வழியில் காய்ச்சல். முடியாமல் ஒரு மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். கூட வந்த நண்பர் தண்ணீர்ப் புட்டியைப் பக்கத்தில் வைத்துவிட்டு மேலே நடந்தார். அவரே பிறகு மயிலாப்பூருக்கு வந்து எங்களிடம் இதைச் சொல்லி அழுதார்.

அதை அப்படியே படம் எடுத்தார்கள். பிறகு முடிவு பிடிக்கவில்லை என்று, அப்பா வீடு திரும்பிக் கதவைத் தட்டுவதாகப் புதிதாக எடுத்தார்கள். மரத்தடிக் காட்சி மொத்தம் எட்டுத் துண்டு. பட்டியலில் எட்டுக்கும் நேரே 'நீக்கம்' என்று எழுதி, நானே வெட்டிக் கழிவுப் பெட்டியில் போட்டேன். கழிவு பிலிமைக் கழுவி அதிலுள்ள வெள்ளியை எடுப்பவர்கள் வாரம் ஒருமுறை வந்து அள்ளிப் போவார்கள்.

எடிட்டரிடம் ஒன்று மட்டும் கேட்டேன். "சார், முடிவை மாத்திட்டோமே. ஆரம்பத்துல 'இது உண்மைக் கதை'ன்னு வருதே, அதையும் எடுத்துடலாமா?"

"இன்னாம்மா நீ! ஜனமே அதைப் பார்த்துட்டுத்தான் உள்ள வரும். கையில கத்திரி கீதுன்னு எல்லாத்தையும் வெட்டிக்கினே இருப்பியா?"

அறையே சிரித்தது. அந்தத் துண்டையும் ஒட்டினேன்.

தியாகராய நகர் கொட்டகையில் அம்மாவோடு படம் பார்த்தேன். முடிவு வேறு என்று முன்பே சொல்லியிருக்க வேண்டும். சினிமாதானே, புரிந்துகொள்வாள் என்று விட்டுவிட்டேன். கதவு தட்டும் இடத்தில் எல்லாரும் கைதட்டினார்கள். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தவள் விளக்குப் போடும்வரை விடவில்லை.

நவம்பரில் எங்கள் மாதா கோயிலில் இறந்தவர்களின் பெயர்களை வாசித்துப் பூசை வைப்பார்கள். ஒவ்வொரு வீட்டாரும் பெயர்களை எழுதிக் கொடுக்க வேண்டும். மூன்று வருடம் மறுத்த அம்மா, போன வருடம்தான் அப்பாவின் பெயரைச் சேர்க்கச் சம்மதித்திருந்தாள். இந்த முறை நான் தாளை எடுத்ததும், "உங்க அப்பா பேரை எழுதாதேடி" என்றாள்.

"ஏம்மா?"

"உண்மைக் கதைன்னு போட்டிருக்கானே. ஊரே பார்க்கிற படத்துல தெரியாமலா போடுவான்? அவங்களுக்கு ஏதோ சேதி வந்திருக்கு."

"கதை நான் சொன்னதும்மா. மரத்தடியில விட்டுட்டு வர்றதையும் எடுத்தாங்க. நான்தான் வெட்டினேன்."

அம்மா பாயை விரித்தாள்.

"அந்தத் துண்டுல உசிரோடதானே உட்கார்ந்திருந்தார்?"

நடிகர் கண்ணைத் திறந்துகொண்டுதான் உட்கார்ந்திருந்தார். அப்பாவின் நண்பர் நிஜத்தில் பார்த்ததும் அவ்வளவுதான்.

"ஆமாம்மா."

"அப்புறம் என்ன ஆச்சுன்னு நீயும் பார்க்கல, நானும் பார்க்கல." சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். "எழுதுறதுன்னா நீயே எழுதிக்கோ."

எழுதினேன். தாத்தா, பாட்டி, குழந்தையிலேயே போன தம்பி, நாலாவதாக அப்பா.

பூசைக்கு அம்மா வரவில்லை. சாமியார் வேகமாக வாசித்துக்கொண்டு போனார். அப்பாவின் பெயர் வந்தது. உடனே அடுத்த வீட்டாரின் பெயர்கள் வந்துவிட்டன. வாசித்தார்கள் என்று அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தபடியே வீடுவரை நடந்தேன்.

அவள் எதுவும் கேட்கவில்லை.