என் எறும்புகள் கடிக்கவில்லை

எறும்பு வளர்த்ததற்காக நான் இதுவரை யாரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை. பத்து வயதில், முட்டி போடவைத்துக் கேட்கச் சொன்னபோதே கேட்காதவள், இந்த வயதில் கேட்கப்போவதும் இல்லை. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அதற்குமேல் உங்கள் இஷ்டம்.

அறுபதுகளில் நைனா செஞ்சியில் கம்பவுண்டராக இருந்தார். வீட்டில் நாங்கள் நாலு பேர்: நைனா, அம்மா, நான், நைனாவின் ஒரே தங்கையான அத்தை. தாய் தகப்பன் இல்லாத அத்தை எங்கள் வீட்டிலேயே வளர்ந்து எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்திருந்தாள். கன்னியாஸ்திரிகள் நடத்தும் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து டீச்சர் ஆகவேண்டும் என்பது அவள் ஆசை. அவளுக்கு ஒரு கல்யாணத்தைப் பண்ணிக் கரையேற்றவேண்டும் என்பது அம்மாவின் ஆசை. எனக்கு இரண்டிலும் அக்கறை இல்லை. நான் எறும்புக்காரி.

எறும்பு வளர்ப்பது லேசு என்று நினைக்கிறவர்கள் வளர்த்துப் பார்க்கட்டும். முதல் வருஷம் ஒரு கட்டெறும்பைத் தீப்பெட்டியில் வெல்லத்தோடு போட்டேன். இரண்டே நாளில் காய்ந்து செத்தது. அடுத்த வருஷம் மைப்புட்டியில் ஈரமண் நிரப்பி நாலைப் போட்டேன். பூசணம் பிடித்து நாலும் போயின. அப்புறம்தான் எனக்குப் புத்தி வந்தது. எறும்புக்கு முதலில் வேண்டியது தின்பண்டம் அல்ல, தண்ணீர். இருட்டு வேண்டும். முக்கியமாக, சும்மா விட்டுவிடவேண்டும். இந்தக் கடைசி விஷயம் எங்கள் வீட்டில் மனுஷர்களுக்கே வாய்த்ததில்லை.

மூன்றாவது வருஷம் கோடை மழை பெய்த மறுநாள், ராணிக்கோட்டை அடிவாரத்தில் சுள்ளி பொறுக்கிக்கொண்டிருந்தேன். பாறை மேல் பெரிய கறுப்பு எறும்பு ஒன்று நின்று, தன் இறக்கைகளைத் தானே காலால் தள்ளித் தள்ளி உதிர்த்துக்கொண்டிருந்தது. ஒன்று விழுந்தது, இரண்டு விழுந்தது, நாலும் விழுந்தது. திரும்பிக்கூடப் பார்க்காமல் நடந்தது. அந்தத் திமிர் எனக்குப் பிடித்துப்போயிற்று. பாவாடை நுனியில் முடிந்துகொண்டு வந்தேன். ராணிக்கோட்டையில் பிடித்ததால் ராணி என்று பெயர் வைத்தேன். அது நிஜமாகவே ராணிதான் என்பது பல வருஷம் கழித்துப் படித்துத் தெரிந்துகொண்டது.

வாய் உடைந்துபோன கண்ணாடிக் குழாய் ஒன்றை நைனா வேலை செய்யும் இடத்திலிருந்து கொண்டுவந்து தந்தார். அடியில் தண்ணீர் ஊற்றி, அது வெளியே வராதபடி பஞ்சை இறுக்கி அடைத்தேன். ஈரப் பஞ்சுக்கு இந்தப் பக்கம் ராணி. குழாயின் வாயில் இன்னொரு பஞ்சு. மேலே பழுப்புக் காகிதம் சுற்றினேன். வீட்டில் யார் கையும் படாத இடம் ஒன்றுதான் உண்டு: மாதா சுரூபம் இருக்கும் மாடம். மாதாவின் முதுகுக்குப் பின்னால் குழாயைப் படுக்கவைத்தேன்.

நாற்பது நாள் ராணி ஒன்றும் தின்னவில்லை. முட்டை இட்டது, அதை நக்கியது, வாயில் தூக்கி இடம் மாற்றியது. ஒருநாள் காலையில் காகிதத்தை விலக்கினால், கடுகு அளவில் மூன்று பிள்ளைகள் நடந்துகொண்டிருந்தன. நான் போட்ட கூச்சலில் அம்மா ஓடிவந்தாள்.

"இன்னாடி இது, மாதாவுக்குப் பின்னாடி?"

"எறும்பு."

"எறும்புன்னு தெரியுது. ஊட்டுக்குள்ள எதுக்கு?"

"சாமியார்தான் பிரசங்கத்துல எறும்பப் பாத்துக் கத்துக்கணும்னு சொன்னாரு. பாக்கணும்னா வச்சிக்க வேணாமா?"

சாமியாரை இழுத்துவிட்டதால் அம்மா எறும்புகளை விட்டுவைத்தாள். ஆனால் ஈர்க்குச்சி முனையில் நான் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைக்கும்போதெல்லாம், "ரேஷன் கார்டுல அதுங்க பேரையும் சேத்துட்டு வரவாடி?" என்று கேட்பாள். குழாயைத் திறக்கும்போது தண்ணீர் ஊற்றிய தட்டின் நடுவில் வைத்துத்தான் திறப்பேன். எல்லார் வீட்டிலும் எறும்பு வராமல் இருக்கத் தட்டில் தண்ணீர் ஊற்றுவார்கள். நான் எறும்பு போகாமல் இருக்க ஊற்றினேன்.

ஆவணி வரும்போது ராணியைச் சேர்க்காமல் இருபத்து மூன்று ஆகியிருந்தன. அப்போதுதான் பனமலைப் பக்கத்திலிருந்து அத்தைக்குச் சம்பந்தம் வந்தது. நல்ல குடும்பம், கிணறு, பம்பு செட்டு. ஒரே ஒரு சொல் மட்டும் முன்கூட்டியே சொல்லி அனுப்பியிருந்தார்கள்: எங்கள் வீட்டுப் பெண்கள் வேலைக்குப் போகிற வழக்கம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருவார்கள். பிடித்தால், கோவிலில் மூன்று ஞாயிறு கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்துக் கல்யாணம்.

அத்தை இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் அதிசயமாக என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அதுவரை எறும்பைக் கண்டாலே காலைத் தூக்கிக்கொள்கிறவள் அவள்.

"இதுங்க கடிக்குமாடி?"

"புடிச்சா லேசா கவ்வும். கடிக்கிறது சிவப்பெறும்புதான், அத்தை. அதுக்கு வெஷம் இருக்குது."

"செவப்பெறும்புக்கு இன்னா புடிக்கும்?"

ஒரு ஆள் கேட்டுவிட்டதே! எனக்குத் தலைகால் புரியவில்லை. கட்டெறும்புக்குத் தித்திப்பு, சிவப்பெறும்புக்கு எண்ணெய்ப் பசை. வறுத்த மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, நசுக்கிப் போட்டால் எங்கிருந்தாலும் வரும். நான் பின்கட்டில் போட்டுப் பார்த்திருக்கிறேன், ஒரு ஜெபமாலை சொல்லி முடிப்பதற்குள் வரிசை கட்டிவிடும் என்று மூச்சு விடாமல் ஒப்பித்தேன். எங்கள் வீட்டில் கடிகாரம் இல்லாததால் எல்லாவற்றையும் ஜெபமாலைக் கணக்கில்தான் அளப்போம். அத்தை ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினாள். எனக்கு வாய்த்த முதல் மாணவி அவள்தான்.

ஞாயிறு வந்தது. அம்மா பக்கத்து வீட்டு ஜமக்காளத்தை இரவல் வாங்கியிருந்தாள். கேசரிக்கு முந்திரிப்பருப்பு தேடி நாலு வீடு ஏறி இறங்கியிருந்தாள். அவள் பட்ட பாடு எனக்குத் தெரியும். அதைக் குறைத்துச் சொல்லமாட்டேன். பூசை முடிந்து வந்ததும் அத்தை அம்மிக்கு முன்னால் உட்கார்ந்து மல்லாட்டை நசுக்கிக்கொண்டிருந்தாள். இன்னா அத்தை என்றேன். சட்னிக்கு என்றாள். அப்புறம் அவளே கூடத்தைப் பெருக்கி, ஜமக்காளத்தையும் விரித்தாள். கல்யாணப் பெண் இவ்வளவு சுறுசுறுப்பாக இருக்கிறாளே என்று அம்மாவுக்குச் சந்தோஷம்.

மாப்பிள்ளை, அவர் தகப்பனார், தாயார் மூவரும் வந்து உட்கார்ந்தார்கள். தகப்பனார் கனத்த உடம்புக்காரர். எங்கள் வீட்டுப் பெண்கள் வேலைக்குப் போகிற வழக்கம் இல்லை என்பதை வாயாலும் ஒருமுறை சொன்னார். நைனா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை காபியைக் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

கொஞ்ச நேரத்தில் தகப்பனார் ஒரு பக்கமாகச் சாய்ந்தார். அப்புறம் மறுபக்கம் சாய்ந்தார். திடீரென்று "ஐயையோ!" என்று எழுந்தார். அந்தக் கனத்த உடம்பு அவ்வளவு உயரம் துள்ளும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. மாப்பிள்ளையின் வெள்ளைச் சட்டையில் காபி கொட்டியது. தாயார் காலை உதறிக்கொண்டே, "இது இன்னா ஊடா, புத்தா?" என்று கத்தினாள். ஜமக்காளத்தின் ஓரமெல்லாம் செக்கச்செவேல் என்று எறும்பு.

எல்லார் கண்ணும் என் பக்கம் திரும்பியது. எனக்கு வந்ததே கோபம்! மாடத்துக்கு ஓடிக் குழாயை எடுத்துவந்து, வந்தவர்கள் மூக்குக்கு நேரே நீட்டினேன்.

"என் எறும்பு கடிக்கல! என்னுது கறுப்பு. இருபத்து மூணும் உள்ளதான் இருக்குது. எண்ணிப் பாத்துக்கோங்க!"

மாப்பிள்ளையின் தாயார் குழாயைப் பார்த்தாள், மாதாவைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். "எறும்பு வளக்கிற குடும்பமா?" என்று ஒரே கேள்விதான் கேட்டாள். மூவரும் கேசரியைத் தொடாமலே பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள். சம்பந்தம் வேண்டாம் என்று சாயங்காலமே ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனது.

ஆனால் என் வழக்கு அதற்கு முன்பே நடந்து முடிந்துவிட்டது. நான் ஜமக்காளத்தைப் புரட்டிக் காட்டினேன். அடியில் நசுக்கிய மல்லாட்டை சிதறிக் கிடந்தது. பாருங்கள், இது மல்லாட்டைக்கு வந்த சிவப்பெறும்பு, என் எறும்பு இதைத் தொடாது என்று நிரூபித்தேன். அருமையான நிரூபணம். இன்றைக்கும் அதில் ஒரு குறை சொல்லமுடியாது.

"இந்த ஊட்ல எறும்புக்கு மல்லாட்ட போடுற ஆளு யாருடி?" என்றாள் அம்மா.

என் சாட்சியே எனக்கு எதிரியானது. முட்டி போடவைத்தார்கள். மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள். செய்யாததற்குக் கேட்கமாட்டேன் என்றேன். முதுகில் இரண்டு விழுந்தது. மாட்டேன் என்றேன். அம்மா என் கையிலிருந்த குழாயைப் பிடுங்கி முற்றத்துக் கல்மேல் வைத்துவிட்டு, அடுப்பிலிருந்து கொதிக்கும் உலைப்பானையைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

நான் அலறினேன். அந்தக் குழாயில் இருந்த ஒவ்வொன்றையும் எனக்குத் தெரியும். முதலில் பிறந்த மூன்றில் ஒன்றுக்கு ஒரு கால் குறைவு. அதுதான் எல்லாவற்றிலும் அதிகம் வேலை செய்யும். பஞ்சை எடுத்து ஊற்றினால் ஒரு நொடியில் எல்லாம் வெந்துபோகும். மன்னிப்புக் கேட்டால் தப்பிக்கும் என்பதும் எனக்குத் தெரியும். வாய் வரைக்கும் வந்தது. வெளியே வரவில்லை.

அப்போதுதான் சமையலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து அத்தை வந்தாள். கல்மேல் இருந்த குழாயை எடுத்தாள். இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். அம்மாவுக்கு நேரே கையை நீட்டினாள்.

"ஊத்தறதுன்னா என் கையில ஊத்துங்க, அண்ணி."

"உன் கல்யாணத்தக் கெடுத்த எறும்புக்குப் பரிஞ்சி வர்றியா?"

"அவ மேலயும் தப்பில்ல, எறும்பு மேலயும் தப்பில்ல. ஊத்துங்க."

பானையிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. அத்தையின் கை பின்னால் போகவில்லை. நைனா ஜமக்காளத்தைப் பார்த்தார், அம்மியைப் பார்த்தார், கடைசியில் தன் தங்கையை வெகுநேரம் பார்த்தார். "பானைய உள்ள வை" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு வெளியே போனார். எறும்புக்காக இப்படி ஒருத்தி கையை நீட்டுவாளா என்று நான் வாயைப் பிளந்து நின்றேன். நான் சொல்லிக்கொடுத்த பாடம் இவ்வளவு தூரம் உள்ளே இறங்கியிருக்கிறதே என்று கர்வமாகவும் இருந்தது.

அடுத்த ஜூன் மாதம் நைனாவே அத்தையைப் பயிற்சிப் பள்ளியில் சேர்த்துவிட்டு வந்தார். அவள் முப்பது வருஷத்துக்குமேல் டீச்சராக இருந்தாள். முதல் விடுமுறைக்கு வந்தபோது ஒரு பொட்டலம் கற்கண்டு கொடுத்து, "இது உனக்கில்ல, அதுங்களுக்கு" என்றாள். எனக்கு ஒன்றும் வாங்கி வரவில்லையே என்று ஒரு நாள் முழுக்கப் பேசாமல் இருந்தேன். பெண் பார்க்க வந்த அன்று சாப்பாட்டில் மல்லாட்டைச் சட்னி இருந்ததா என்று யோசிக்க எனக்கு இருபது வருஷம் ஆயிற்று. இல்லை. அந்த வீட்டில் அன்று யாரும் சட்னியே சாப்பிடவில்லை.

ஆனால் பெண் பார்க்க வந்துபோன அந்த வாரம் சனிக்கிழமை எனக்கு இதெல்லாம் தெரியாது. வீட்டில் கேட்காத மன்னிப்பைச் சாமியாரிடமாவது கேட்கட்டும் என்று அம்மா என்னைப் பாவசங்கீர்த்தனத்துக்கு அனுப்பினாள். துணைக்கு அத்தை வந்தாள். நான் சாமியார் உட்கார்ந்திருந்த கூண்டுக்கு முன்னால் முட்டி போட்டு, "சாமி, நான் பண்ணல. சிவப்பெறும்பு வேற, கட்டெறும்பு வேற" என்று தொடங்கி முழு வழக்கையும் சொன்னேன். உள்ளே சாமியார் இருமினார். பாவம் என்று ஒன்றும் இல்லாததால் அபராதமும் இல்லை, போ என்றார்.

அடுத்து அத்தை போனாள். போனவள் வரவேயில்லை. நடுவில் ஒருமுறை சாமியார் முன்னைவிடப் பலமாக இருமுவது கேட்டது. பெரியவர்களுக்குப் பாவம் அதிகம்போல என்று நினைத்துக்கொண்டு காத்திருந்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"இன்னா அத்தை, இவ்ளோ நேரம்?"

"உன் எறும்பு கடிக்கலன்னு சொன்னேன்."

"சாமி இன்னா சொன்னாரு?"

"முழு ஜெபமாலை சொல்லச் சொல்லிட்டாரு."

எனக்காக ஒருத்தி உள்ளே போய்ச் சாட்சி சொல்லியிருக்கிறாள், அதற்கும் அபராதம் போட்டுவிட்டார்களே! என்ன நியாயம் இது? சாமியாரிடமே போய்க் கேட்கிறேன் என்று கிளம்பினேன். அத்தை அவசரமாக என் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். சரி, அவளைத் தனியாக விடக்கூடாது என்று பக்கத்தில் முட்டி போட்டேன். ஜெபமாலைக்கு ஐம்பத்து மூன்று மணி. பாதியை அவள் சொன்னாள். மீதிப் பாதியை, செய்யாத பாவத்துக்கு அவள் கஷ்டப்படுகிறாளே என்ற ஆத்திரத்தோடு, கோவில் முழுக்கக் கேட்கும்படி நான் சொன்னேன்.